மனித பாப்பிலோமா நச்சுயிரித் தடுப்பூசி குறித்த பெற்றோர் மனப்பாங்கு

மனித பாப்பிலோமா நச்சுயிரித் தடுப்பூசி (எச்.பி.வி. தடுப்பூசி) குறித்த பெற்றோர் மனப்பாங்கு என்பது, வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக 9 முதல் 14 வயது வரையான பெண் பிள்ளைகளுக்கு, இத் தடுப்பூசியைப் போடுவது பற்றிப் பெற்றோர் கொண்டுள்ள அறிவு, நம்பிக்கை, அச்சம், தயக்கம் ஆகியவற்றைக் குறிக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கவே இத் தடுப்பூசி முதன்மையாகப் பயன்படுகிறது. ஊசி போட்டுக்கொள்பவர் சிறுமி, முடிவெடுப்பவர் பெற்றோர், பயன் தெரிய வருவதோ இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து. போலியோ சொட்டு மருந்துக்கோ தட்டம்மை ஊசிக்கோ இல்லாத சிக்கல்கள் இதற்கு இருப்பதற்கு இந்த அமைப்பே பெரும்பாலும் காரணம்.

இந்தியாவில் இத் தடுப்பூசி 2008 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்தவை, பொதுமக்களும் அரசும் இதனை நோக்கிய விதத்தை நெடுங்காலத்துக்கு மாற்றிவிட்டன.

நச்சுயிரியும் நோயும்

மனித பாப்பிலோமா நச்சுயிரியில் 200 க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் சில தோலில் பாலுண்ணிகளை உண்டாக்குபவை. சில பிறப்புறுப்புப் பகுதியைத் தொற்றுபவை. பாலுறவின் வழி பரவும் இவ்வகைத் தொற்று மிகவும் பொதுவானது. பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது ஏற்பட்டு, எந்த அறிகுறியும் இன்றி ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடுகிறது. நீங்காமல் நிலைத்துவிடும் சிறு பங்கினரிடம் கருப்பை வாயின் உயிரணுக்கள் மெல்ல மாற்றமடைந்து, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாகலாம். உலகளவில் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு 16, 18 ஆம் வகைகள் காரணமாகின்றன. இந்தியாவில் இவ்விரு வகைகளின் பங்கு இதனினும் கூடுதல். இந் நச்சுயிரிக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த செருமானிய அறிவியலாளர் அரால்டு சூர் அவுசன் 2008 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அவ்வாண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந் நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய நோயில் இவ்வளவு இறப்புகள் நிகழ்வதற்கு, பரிசோதனை அரிதாக இருப்பது ஒரு முக்கிய காரணம். 2019-21 இன் தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுடைய இந்தியப் பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எப்போதாவது செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காட்டினரே. தமிழ்நாட்டில் இது 9.8 விழுக்காடு. பிற மாநிலங்களோடு ஒப்பிட இது பெரிய எண்ணிக்கை. ஆனால் பத்தில் ஒன்பது பெண்கள் பரிசோதிக்கப்படவில்லை என்பதும் இதே எண்ணிக்கையின் பொருள்.

தடுப்பூசி

ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்து பல்கலைக்கழகத்தில் இயன் பிரேசரும் சீனாவில் பிறந்த சியான் சோவும் 1990களின் தொடக்கத்தில் செய்த ஆய்வே இத் தடுப்பூசிக்கு அடிப்படை. நச்சுயிரியின் வெளியுறைப் புரதம் மட்டும் தானாகவே ஒன்றுகூடி, உள்ளீடற்ற நச்சுயிரி போன்ற துகளாக அமைவதை அவர்கள் காட்டினர். துகளினுள் மரபுப்பொருள் இல்லாததால் அது தொற்றை உண்டாக்க இயலாது. ஆனால் உடல் அதனை நச்சுயிரி என்றே கருதி எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. "கிருமியைத்தானே ஊசியில் ஏற்றுகிறார்கள்" என்ற பரவலான எண்ணம் இத் தடுப்பூசிக்குப் பொருந்தாது.

முதல் தடுப்பூசியான கார்டசில் 2006 இல் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒப்புதல் பெற்றது. அடுத்து செர்வாரிக்ஸ் வந்தது. இந்தியாவில் மூன்று தவணைகளாகப் போடப்பட்ட இவற்றின் விலை தவணை ஒன்றுக்கு 2,000 ரூபாய்க்கும் மேல். அமைப்புசாராத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் ஒரு மாத வருவாயை மூன்று தவணைகளும் சேர்ந்து விழுங்கிவிடும் நிலையில், தனியார் மருத்துவமனையை நாடும் குடும்பங்களின் ஊசியாகவே இது நீண்ட காலம் இருந்தது. புனேயைச் சேர்ந்த சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2022 இல் ஒப்புதல் பெற்றது.

ஏற்கனவே ஏற்பட்டுவிட்ட தொற்றை இத் தடுப்பூசி நீக்குவதில்லை. ஆகையால் நச்சுயிரியை எதிர்கொள்ளும் வாய்ப்பு ஏற்படும் முன்னரே போடப்பட வேண்டும். அத்துடன் 15 வயதுக்குக் கீழ் உடலின் எதிர்ப்பாற்றல் துலங்கல் வலுவாக இருப்பதால் குறைந்த தவணைகளே போதுமானவை.

பெற்றோர் எழுப்பும் கேள்விகள்

முதல் கேள்வி வயது பற்றியது. பாலுறவால் பரவும் தொற்றுக்கு ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும் பிள்ளைக்கு ஏன் ஊசி என்று பெற்றோர் கேட்கின்றனர். தங்கள் பிள்ளையின் ஒழுக்கம் ஐயுறப்படுவதாகச் சிலர் கொள்கின்றனர். ஊசி போட்டால் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்துவிடும் என்போரும் உள்ளனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 11, 12 வயதில் ஊசி போட்டுக்கொண்ட சிறுமியரையும் போட்டுக்கொள்ளாதவரையும் பின்தொடர்ந்து 2012 இல் வெளியான ஆய்வில், கருத்தரிப்பு, பாலுறவுத் தொற்று, கருத்தடை ஆலோசனை ஆகியவற்றில் இரு குழுவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இந்தியச் சூழலில் இக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருமணத்துக்கு முன் எந்த உறவும் இல்லாத பெண்ணுக்கும் கணவன் வழியாகத் தொற்று வரலாம். பிள்ளையின் நடத்தையைப் பொறுத்ததன்று இந்த ஊசி என்பதை விளக்க இதுவே போதும் எனினும், வருங்கால மருமகனைப் பற்றிய பேச்சாக அது மாறிவிடுவதால் பல சுகாதாரப் பணியாளர்கள் இதைச் சொல்லத் தயங்குகின்றனர்.

இரண்டாவது, குழந்தைப்பேறு பற்றிய அச்சம். இவ்வச்சத்துக்குப் பெயரும் ஒரு காரணம் எனலாம். தமிழில் இது பொதுவாகக் "கர்ப்பப்பைப் புற்றுநோய் ஊசி" எனப்படுகிறது. வயதுக்கு வராத பிள்ளைக்குக் "கர்ப்பப்பை ஊசி" என்ற சொல்லே தாய்மாரை அச்சுறுத்தப் போதுமானது. மாறாக, வெறும் "புற்றுநோய்த் தடுப்பூசி" என்று அறிமுகப்படுத்தினால் ஏற்பு கூடுகிறது. ஆனால் தொற்று எவ்வாறு பரவுகிறது என்ற செய்தி மறைக்கப்படுகிறது. பின்னர் அதை வேறு வழியில் அறிய வரும் பெற்றோர், தாங்கள் ஏமாற்றப்பட்டதாக எண்ண இடமுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருந்த தரவுகளை ஆராய்ந்து, இத் தடுப்பூசி குழந்தைப்பேறின்மையை உண்டாக்குவதற்குச் சான்று இல்லை எனக் கூறியது.

மூன்றாவது, பக்க விளைவுகள். ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், தலைவலி, சிறு காய்ச்சல் ஆகியன பொதுவானவை. ஊசி போட்டவுடன் மயக்கம் வருவது இவ்வயதுப் பிள்ளைகளிடம் எந்த ஊசியிலும் காணப்படுவது. எனவே 15 நிமிடம் உட்கார வைப்பது வழக்கம். கடும் ஒவ்வாமை பத்து இலட்சம் தவணைகளுக்கு ஏறத்தாழ 1.7 என்ற அளவில் பதிவாகியுள்ளது. வகுப்பறையில் ஒரு மாணவி மயங்கி விழுவதைப் பார்த்து அடுத்தடுத்துப் பலர் மயங்குவதும் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளது. மருந்தின் தன்மையால் அன்றி அச்சத்தால் விளையும் இது, கைப்பேசியில் படமாகி ஊருக்குள் வரும்போது மருந்தின் விளைவாகவே தோன்றும்.

மைசூர் ஆய்வுகள்

தென்னிந்தியப் பெற்றோரின் கருத்தை முறையாகக் கேட்டறிந்த தொடக்க ஆய்வுகள் மைசூரில் நடந்தவை. வளரிளம் பெண்களின் பெற்றோரோடு நடத்திய குழுக் கலந்துரையாடல்களின் அடிப்படையில் 2009 இல் ஒரு கட்டுரை வெளியானது. மைசூர்ப் பள்ளி மாணவியரின் பெற்றோர் ஏறத்தாழ 800 பேரிடம் செய்த கணக்கெடுப்பு 2014 இல் வெளியானது. கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றியும் நச்சுயிரியைப் பற்றியும் அறிந்திருந்தவர்கள் குறைவு. ஆயினும் விளக்கிக் கூறியபின் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தங்கள் மகளுக்கு ஊசி போட ஒப்பினர். தடைகளாக அவர்கள் கூறியவற்றில் பாதுகாப்புப் பற்றிய ஐயம் முன்னின்றது.

அறியாமை வேறு, மறுப்பு வேறு என்பதை இவ்வாய்வுகள் காட்டுகின்றன. மருத்துவர் நேரடியாகப் பரிந்துரைப்பதே பெற்றோரின் முடிவில் பெரிதும் செல்வாக்குச் செலுத்துகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்படும் முடிவாகும்.

கம்மம் நிகழ்வு

2009 சூலையில் ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும், ஆகத்தில் குசராத்தின் வடோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு இத் தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவைச் சேர்ந்த பாத் என்னும் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் இரு மாநில அரசுகளுடனும் சேர்ந்து இதனை நடத்தியது. கேட்ஸ் அறக்கட்டளை நிதியளித்தது. மருந்தை உற்பத்தி நிறுவனங்கள் இலவசமாக வழங்கின. கம்மத்தில் கார்டசிலும் வடோதராவில் செர்வாரிக்ஸும் பயன்படுத்தப்பட்டன. இரு மாவட்டங்களிலுமாக 20,000 க்கும் மேற்பட்ட சிறுமியருக்கு ஊசி போடப்பட்டது.

கம்மம் மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று பழங்குடியினர் மிகுதியாக வாழும் பத்ராசலம். இங்கு ஊசி போடப்பட்ட சிறுமியரில் பலர் பெற்றோரைப் பிரிந்து அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். திட்டக் காலத்தில் ஆந்திரத்தில் ஐந்து, குசராத்தில் இரண்டு என ஏழு சிறுமியர் இறந்த செய்தி வெளிவந்தது. பெண்கள் உடல்நல அமைப்பினர் 2010 மார்ச்சில் பத்ராசலம் சென்று நிலைமையை ஆராய்ந்து குரல் எழுப்பினர். 2010 ஏப்ரலில் நடுவண் அரசு திட்டத்தை நிறுத்தியது.

அரசு அமைத்த விசாரணைக் குழு, இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று முடிவு செய்தது. நீரில் மூழ்கியது, பாம்புக் கடி, பூச்சிமருந்து அருந்தியது, மலேரியா ஆகியன இறப்புக் காரணங்களுள் அடங்கும். ஆனால் ஒப்புதல் பெறப்பட்ட முறையில் கடுமையான குறைகள் வெளிப்பட்டன. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 இல் கையொப்பமிட்டிருந்தவர்கள் பெற்றோர் அல்லர். விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் ஆவர். 1,948 படிவங்களில் கைநாட்டு இருந்தது. ஊசிக்குப் பின் ஏற்படும் விளைவுகளைக் கண்காணித்துப் பதிவு செய்யும் ஏற்பாடும் போதிய அளவில் இல்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகத்து அறிக்கையில் பாத் நிறுவனத்தையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் கண்டித்தது. செயல்விளக்கத் திட்டம் என்ற பெயரில் நடந்தது மருந்து ஆய்வே என்பது குழுவின் கருத்து. உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குகளும் தொடரப்பட்டன.

இந்நிகழ்வைத் தடுப்பூசிக்கு எதிரான சான்றாகக் காட்டுவோர் இறப்புகளை மட்டும் பேசுகின்றனர். தடுப்பூசி ஆதரவாளர்களில் பலர், இறப்புகளுக்குத் தொடர்பில்லை என்று கூறியதோடு பேச்சை முடித்துக்கொள்கின்றனர். பெற்றோர் மனப்பாங்கைப் பொறுத்தவரை இரண்டுமே முழுமையற்றவை. மருந்து பாதுகாப்பானதாக இருந்தும், யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்காமல் விட்டதே அங்கு நிகழ்ந்த தவறு. மகளுக்கு ஊசி போடப்பட்டதையே பின்னர்தான் அறிந்த பெற்றோரின் கோபத்தை அறியாமை என்று வகைப்படுத்த இயலாது. கம்மம் மாவட்டம் தற்போது தெலங்காணாவில் உள்ளது. பத்ராசலம் 2016 முதல் பத்ராத்ரி கொத்தகூடம் மாவட்டத்தைச் சேர்ந்தது.

அம்பிளிக்கையும் ஒற்றைத் தவணையும்

கம்மம் திட்டத்தோடு தொடர்பில்லாத வேறோர் ஆய்வும் 2010 ஏப்ரலில் நின்றுபோனது. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்பதை அறிய, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009 செப்டம்பர் முதல் இந்தியாவின் பல மையங்களில் 10 முதல் 18 வயதுடைய திருமணமாகாத பெண்களுக்குத் தடுப்பூசி போட்டு வந்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ ஐக்கிய சமூகநல மருத்துவ மையமும் அவற்றுள் ஒன்று. 20,000 பேரைச் சேர்க்க எண்ணியிருந்த ஆய்வு, 17,700 பேரளவில் நிறுத்தப்பட்டது. அதனால் ஏறத்தாழ 5,000 பெண்கள் ஒரே தவணையோடு நின்றுவிட்டனர்.

ஆய்வாளர்கள் அப் பெண்களைப் பத்தாண்டுகள் வரை பின்தொடர்ந்தனர். ஒரு தவணை பெற்றவர்களிடமும் 16, 18 ஆம் வகைகளின் நிலைத்த தொற்றுக்கு எதிராக ஏறத்தாழ 95 விழுக்காடு பாதுகாப்பு இருப்பது 2021 இல் வெளியான முடிவுகளில் தெரிந்தது. கென்யாவில் நடந்த ஆய்வு உள்ளிட்ட பிற சான்றுகளோடு இதுவும் சேர, 2022 இல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயதினருக்கு ஒற்றைத் தவணையும் போதுமானது என்று ஏற்றுக்கொண்டது. தடுப்பூசி மீதான ஐயத்தால் தடைப்பட்ட ஆய்வே, தடுப்பூசியை எளியதாகவும் மலிவாகவும் ஆக்க உதவியது என்பது விந்தையான முடிவு.

தமிழ்நாடு

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இத் துறையில் முன்னமே ஓர் இடம் உண்டு. கருப்பை வாயில் அசெட்டிக் அமிலத்தைத் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை, நோயையும் இறப்பையும் குறைக்கிறது என அங்கு நடந்த ஆய்வு 2007 இல் காட்டியது. அதே காலத்தில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசின் சோதனைத் திட்டம் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுதும் விரிந்தது.

பொதுவாகத் தடுப்பூசி ஏற்பு மிகுந்த மாநிலமாகத் தமிழ்நாடு கருதப்பட்டாலும், பெற்றோர் தயக்கத்தை அது அறியாததன்று. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்ததையடுத்து, கிராமங்களுக்குச் சென்று ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பள்ளிகளில் பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். முகாமின் காலம் நீட்டிக்கப்பட்டது. பள்ளியில் ஊசி போடப்படும் செய்தி, பள்ளியிலிருந்து வரும் தாளைவிட விரைவாகக் கைப்பேசியில் வருகிறது என்பதை அம் முகாம் உணர்த்தியது.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில், 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. விலை என்னும் தடையை இத்தகைய அரசுத் திட்டம் நீக்குகிறது. ஒப்புதல் என்னும் வினா அப்படியே இருக்கிறது.

ஓசூர் எல்லைப் பகுதி

அவ்வினா எவ்வளவு சிக்கலானது என்பதற்குக் கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஓசூர் வட்டம் நல்ல எடுத்துக்காட்டு. ஓசூரிலிருந்து கர்நாடகத்தின் மாலூர் செல்லும் சாலையில் உள்ள பாகலூரைச் சுற்றி ரோசா, காய்கறிப் பயிர்கள் மிகுதி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையும் அருகில் உள்ளது. தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது ஆகிய நான்கும் வீட்டு மொழிகளாக வழங்குகின்றன. தமிழ் அல்லாத பயிற்றுமொழிப் பள்ளிகளும் மாவட்டத்தில் உண்டு. ஆலைகளிலும் கட்டிடப் பணிகளிலும் வேலை செய்ய வந்த ஒடியா, இந்தி பேசும் குடும்பங்களும் வாழ்கின்றன. பிள்ளை தமிழில் படித்துத் தந்தை தெலுங்கிலும் பாட்டி கன்னடத்திலும் பேசும் வீட்டுக்குத் தமிழில் மட்டும் அச்சிட்ட ஒப்புதல் தாள் செல்லுமாயின், அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு அந்தப் பிள்ளையிடமே விழும். தொற்று எவ்வாறு பரவுகிறது என்ற வரியைப் பன்னிரண்டு வயதுச் சிறுமி தந்தைக்குப் படித்துக் காட்டுவாள் என எதிர்பார்க்க முடியாது.

வேலை நேரம் மற்றொன்று. முறைவேலை செய்யும் பெற்றோரும், விடியற்காலையில் பூப்பறிக்கச் செல்லும் தாயும் பகலில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும். கூட்டத்துக்கு வராதவர் தடுப்பூசிக்கு எதிரானவர் என்று கொள்ளப்படுவது எளிதில் நிகழும் பிழை. மாநில எல்லையைக் கடந்து வேலைக்கும் உறவுக்கும் குடும்பங்கள் இடம் மாறும் இப் பகுதிக்கு ஒற்றைத் தவணை பெரிதும் பொருந்தும். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது பள்ளியில் இல்லாத பிள்ளைகள் பற்றியது. கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களில், குறிப்பாகத் தளி, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில், குழந்தைத் திருமணம் இன்றும் செய்திகளில் இடம்பெறுகிறது. இளவயதுப் பாலுறவும் பல மகப்பேறுகளும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஆபத்தைக் கூட்டுகின்றன. எட்டாம் வகுப்போடு நின்று மணம் முடிக்கப்படும் சிறுமிக்குத்தான் ஆபத்து மிகுதி. 14 வயதில் பள்ளியில் நடக்கும் முகாம் தவறவிடுவதும் அவளைத்தான். அவளை அடைய வேண்டுமாயின் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குச் செல்ல வேண்டும். ஆனால் சட்டப்படி நடக்கக்கூடாத திருமணம் நடந்த வீடு, செவிலியரை வரவேற்கும் வீடாக இருப்பதில்லை.

பிற இடங்களில்

சிக்கிம் மாநிலம் 2018 ஆகத்தில் 9 முதல் 14 வயதுடைய ஏறத்தாழ 25,000 சிறுமியருக்குப் பள்ளிகள் வழியாகத் தடுப்பூசி போடத் தொடங்கி, 95 விழுக்காட்டுக்கு மேல் எட்டியது. ஆசிரியர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் முன்கூட்டியே விளக்கம் அளித்தது இதற்கு உதவியது. இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பள்ளிகளில் போடப்படுகிறது. தமிழ் மாணவியர் கணிசமாகப் பயிலும் மலேசியப் பள்ளிகளில் 2010 இலேயே 13 வயதினருக்கான திட்டம் தொடங்கிவிட்டது.

எதிர்மாறான எடுத்துக்காட்டு ஜப்பான். அங்கு 2013 ஏப்ரலில் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஊசிக்குப் பின் தொடர்வலி ஏற்பட்டதாக எழுந்த செய்திகளால் இரண்டே மாதத்தில் அரசு பரிந்துரையை நிறுத்தி வைத்தது. ஏறத்தாழ 70 விழுக்காடாக இருந்த ஏற்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. ஆய்வுகள் தொடர்பு இல்லை எனக் காட்டியபின்னும் பரிந்துரை மீள 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. சுவீடனில் 2020 இல் வெளியான ஆய்வு, 17 வயதுக்கு முன் ஊசி பெற்ற பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்திருப்பதைக் காட்டியது. இசுக்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி பெற்ற பெண்களில் ஒருவருக்கும் இந் நோய் கண்டறியப்படவில்லை என 2024 இல் அறிவிக்கப்பட்டது.

ஆண் பிள்ளைகள்

ஆண்களிடம் இந் நச்சுயிரி தொண்டை, ஆசனவாய், ஆண்குறி ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கலாம். ஆஸ்திரேலியா 2013 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் பள்ளிகளில் இத் தடுப்பூசியைப் போட்டு வருகிறது. இந்தியாவில் ஆண்களுக்கும் போட ஒப்புதல் இருப்பினும், "பெண்கள் ஊசி" என்ற அடையாளம் நிலைத்துவிட்டதால் மகனுக்காக இதைக் கேட்டு வரும் பெற்றோர் அரிது.